கால்விரல் கட்டு

பிணத்துக்கும் ஊர் வாய்க்கும் முஸ்ரிஃபா பயந்ததே இல்லை. கெடுங்சாரி கிராமத்தில் எந்தப் பெண் மௌத்தானாலும் முதலில் ஆள் ஓடிவருவது அவள் வாசலுக்குத்தான். பஞ்சு, கற்பூரம், கத்தரிக்கோல், கிழித்து வைத்த வெள்ளை நாடாக்கள் எல்லாம் ஒரு பழைய பைக்குள் எப்போதும் தயாராக ஆணியில் தொங்கும். வந்தவன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்த மாதத்திலேயே இன்னொரு வீட்டு மய்யித்தைக் குளிப்பாட்டப் போன நெஞ்சழுத்தக்காரி அவள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. வாழைத்தண்டுகளை அடுக்கி அதன்மேல் உடலைக் கிடத்துவாள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையோடு சேர்த்து ஒரு நாடா, கால் விரிந்துவிடாமல் இரண்டு கட்டைவிரல்களையும் இணைத்து ஒரு நாடா. குளிப்பாட்டி முடித்துக் கஃபன் துணியைச் சுற்றும்போது இரண்டையும் அவிழ்த்துத் தன் சட்டையின் இடது பைக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் அடுப்பில் போடுவாள். கஃபனுக்கு மேலே போடுகிற கட்டுகளைக் குழிக்குள் இறங்கும் ஆண்கள் அவிழ்ப்பார்கள். உள்ளே இருக்கும் இரண்டு கட்டுகள் மட்டும் அவள் பொறுப்பு.

அதை அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கெடுங்சாரியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கட்டோடு புதைந்தவர் போச்சோங் ஆவார். கால் பிணைந்திருப்பதால் நடக்க முடியாமல், வெள்ளைத் துணியோடு குதித்துக் குதித்து, கட்டை அவிழ்த்துவிடும்படி கேட்டுக்கொண்டு வருவார். கட்டியவர் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்.

முஸ்ரிஃபா இதையெல்லாம் வாய்விட்டுச் சிரித்துக் கேலி செய்தவள். போன வருஷம் வட்டார உலமா சபையிலிருந்து அறிக்கை வந்தது. ஆவிக்குப் படையல் வைப்பதும், போச்சோங்கை நம்புவதும், மரத்தடியில் சாம்பிராணி போடுவதும் ஈமான் எனும் இறைநம்பிக்கையைக் கெடுக்கும் என்றது அறிக்கை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் உஸ்தாஸ் ஜவாஹிர் அதை மெல்லிய குரலில் படித்தார். நல்ல மனுஷர், முப்பது வயது, ஒரு ஈயைக்கூட அதட்டத் தெரியாது. அதட்டுவதற்குத்தான் முஸ்ரிஃபா இருந்தாளே! மறுநாளே நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அரிசிப் பெட்டிமேல் இருந்த பூவையும், கிணற்றடியில் இருந்த முட்டையையும் அள்ளி வாய்க்காலில் போட்டாள்.

அப்படித்தான் அவள் வாகியெம் வீட்டுக்குப் போனாள்.

வாகியெம் தெம்பே செய்து விற்பவள். சோயாவை அவித்து வாழையிலையில் பொதிந்து கொட்டகையில் வைத்தால் இரண்டு நாளில் வெள்ளையாகப் பூத்துக் கட்டியாகிவிடும். கொட்டகை மூலையில் வியாழன்தோறும் ஒரு கண்ணாடித் தம்ளரில் சீனி போடாத கறுப்புக் காப்பி வைப்பாள். அங்கே குடியிருப்பவருக்காம். யார் அவர் என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும், காப்பி குடிக்கிறவர்” என்பாள். முஸ்ரிஃபா அந்தக் காப்பியைக் கால் முனையால் தட்டிவிட்டாள். தம்ளர் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

அந்த வாரத்துத் தெம்பே அத்தனையும் கறுத்து அழுகிவிட்டது. மழைக்கால ஈரத்தில் அழுகியிருக்கலாம். ஆனால் வாகியெம் அந்த அழுகலை முறத்தோடு தூக்கிவந்து முஸ்ரிஃபாவின் வேலியருகே கொட்டினாள். அகன்ற பாதத்தால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

“உன் தொழுகையில நான் தலையிட்டேனா? என் காப்பியில நீ ஏன்டி தலையிடுற?”

“நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் வாகியெம். நாளைக்குக் கபர்க் குழியில பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சொல்றேன். என்னைக் குளிப்பாட்டுறது நீதானே? அப்பப் பேசிக்கிறேன் உன்கிட்ட!”

தெருவே சிரித்தது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த வருஷம் மழை தொடங்கியபோது வாகியெம் காய்ச்சலில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் லாஸ்மி ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க முடியாது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அடக்கிவிட வேண்டும் என்று உஸ்தாஸ் அவசரப்படுத்தினார். முஸ்ரிஃபா பையை எடுத்துக்கொண்டு போனாள். முகத்தைப் பார்க்காமலே முகத்தைக் கழுவினாள். உதவிக்கு வந்த பெண்கள் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்கள். கஃபனைச் சுற்றினார்கள், தூக்கினார்கள், போனார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பைக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள். ஒரு நாடாதான் இருந்தது. தாடை நாடா. பையை வெளியே இழுத்துப் பார்த்தாள், வலது பையைப் பார்த்தாள், மடியை உதறினாள். அடுப்படியில் மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். இல்லை.

‘எங்காவது விழுந்திருக்கும்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று பொழுது சாயும் மஃரிபுக்கு முன்பே வாசற்கதவைத் தாழிட்டாள். கெடுங்சாரியில் அவள் கதவு அந்த நேரத்தில் மூடி யாரும் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் ஓதலுக்கு லாஸ்மி இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத பெண். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. ஓதல் முடிந்து தட்டுகள் கைமாறும்போது அவள் பேசினாள்.

“தூங்கவே முடியல. கண்ண மூடினா அம்மா வந்து வாசல்ல நிக்கிறாங்க. உள்ள வாம்மான்னா வரமாட்டேங்கிறாங்க. ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக்கிட்டு, குனிஞ்சு பாதத்தையே பார்க்கிறாங்க.”

முஸ்ரிஃபாவின் கையிலிருந்த தட்டு நழுவியது. சோறு பாயெல்லாம் சிதறியது.

“என்மேல கோவம்தான்,” என்றாள் லாஸ்மி. “காய்ச்சல்ல போன் போட்டாங்க. எடுக்கல. வேலை பார்க்கிற வீட்டம்மா திட்டுவாங்கன்னு கட் பண்ணிட்டேன். அதைக் கேட்கத்தான் வர்றாங்க.”

“ஷைத்தான் காதுல ஊதுற வஸ்வாஸ் அது, தங்கச்சி. ஓதிட்டுப் படுங்க,” என்றார் உஸ்தாஸ் கனிவாக.

லாஸ்மி தலையாட்டினாள். அந்த வார்த்தை அவளைத் தேற்றவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. அவள் பயத்தை ஒரே ஒரு வாக்கியத்தால் போக்கிவிட முடியும், அந்த வாக்கியம் தன் வாய்க்குள் இருக்கிறது என்று முஸ்ரிஃபாவுக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? சண்டைக்காரி வேண்டுமென்றே செய்தாள் என்று ஊர் காறித் துப்பும். அதற்குமேல், போச்சோங் இல்லை என்று வீடு வீடாகச் சொன்னவளே போச்சோங்குக்குப் பயப்படுகிறாளா என்று கைகொட்டிச் சிரிக்கும். மென்று முழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் பயம் முழுங்கினால் செரிக்கிற பொருளா? பட்டப்பகலில் தேங்காய் மட்டை விழுந்தால் தூக்கிவாரிப் போட்டது. கொடியில் உலர்கிற வெள்ளைத் துணியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள். பக்கத்து வீட்டில் உரலில் இடிக்கும் சத்தம் தொம், தொம் என்று கேட்கும்போது, அது உரல்தான் என்று வேலிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மூச்சு வரும்.

தாங்க முடியாமல் ஒரு காலையில் உஸ்தாஸிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இபு, நீங்க எனக்கு அம்மா மாதிரி. மறதியா விட்ட ஒரு நாடாவுக்காக அல்லாஹ் யாரையும் பிடிச்சு வைக்கமாட்டான். அதுக்காகக் கபரைத் தோண்டுறதும் கூடாது. போச்சோங்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஊருக்கே சொன்னவங்க நீங்க.”

“சொன்னேன் உஸ்தாஸ். வாய் சொல்லுது, நெஞ்சு கேட்கமாட்டேங்குதே.”

“தௌபா செய்யுங்க, அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. வெளியில மட்டும் மூச்சு விடாதீங்க. ஊரு மறுபடி படையலை ஆரம்பிச்சிடும்.”

அந்த வார்த்தையில் கொஞ்சம் தெம்பு வந்தது. படித்தவர், மார்க்கம் தெரிந்தவர் சொல்கிறார். மறுநாள் பிற்பகல் பள்ளிவாசலிலிருந்து உஸ்தாஸின் மோட்டார் சைக்கிள் கிளம்புவதைப் பார்த்தாள். அவர் வீட்டுக்கு நேர் வழி கபர்ஸ்தானை ஒட்டிப் போகிறது. வண்டி அந்தத் திருப்பத்தில் நின்றது, தயங்கியது. பிறகு வயல்களைச் சுற்றிப் போகும் சேற்றுப் பாதையில் இறங்கியது. அதற்கு மறுநாளும் அப்படியே. தைரியம் கடன் வாங்கப் போன இடத்தில் பயத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இனி யாரிடம் போவது?

கபர்ஸ்தானைக் காக்கும் பாக் தர்யோவிடம்தான் போனாள். அந்த மனிதரின் சாம்பிராணிச் சட்டியைப் போன வருஷம் உடைத்தவளும் அவள்தான்.

“என்ன இபு, வழி தவறிட்டீங்களா?” அவர் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. “உடைக்கிறதுக்கு இங்க சட்டி ஒண்ணும் பாக்கி இல்லையே.”

அவள் சொன்னாள். அவர் தீட்டுவதை நிறுத்திவிட்டார்.

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“உஸ்தாஸுக்கு மட்டும்.”

“அதான் அவர் வயக்காட்டுப் பக்கமா போறாரா! நான் என்னவோ நாத்து பார்க்கப் போறார்னு நினைச்சேன்.” சிரித்தவர் உடனே சிரிப்பை அடக்கினார். “கட்டினது உங்க கை, அவுக்க வேண்டியதும் உங்க கை. தோண்ட வேணாம். வெள்ளை உடுத்திக்கிட்டு அவ கால்மாட்டுல உட்காருங்க. அதே மாதிரி நாடாவை உங்க கால் கட்டைவிரல்ல கட்டிக்குங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு அவுத்துவிடுங்க. கையாலதான் அவுக்கணும், இரும்பு படக்கூடாது. பட்டா அவிழ்ந்த கணக்கில்ல.”

ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிப் பொழுதில் போனாள். தலையிலிருந்து பாதம்வரை மூடும் வெள்ளைத் தொழுகை அங்கியை உடுத்தியிருந்தாள். பாக் தர்யோ சந்தைக்குப் போயிருந்தார். வெள்ளைப் பூ உதிர்க்கும் கம்போஜா மரங்களுக்குக் கீழே மண் இன்னும் ஈரமாக உப்பிக் கிடந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினாள். கை பழக்கத்தில் மய்யித்துக்குப் போடும் முடிச்சையே போட்டுவிட்டது. தானாக நெகிழவே நெகிழாத முடிச்சு அது.

“வாகியெம், நான்தான் முஸ்ரிஃபா. மன்னிச்சிடு வாகியெம்.”

குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. நாடா நனைந்து முடிச்சு இறுகியது. நகத்தால் கிள்ளினாள், பல்லால் கடிக்கக் குனிந்தாள், எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால், ஈர மண்ணில், தொம் என்று ஒரு சத்தம். காய்ந்த கிளையோ, பலாப் பிஞ்சோ, யார் கண்டது? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்துவிட்டாள். ஓட முடியவில்லை. கால் பிணைந்திருக்கிறதே! குதித்தாள். இன்னொரு தொம். இன்னும் வேகமாகக் குதித்தாள். நனைந்த வெள்ளை அங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ள, கபர்களுக்கு நடுவே குதித்துக் குதித்து வாசலை நோக்கிப் போனாள்.

வாசலுக்கு எதிரே வாழையிலைக் கட்டுகளைத் தலையில் சுமந்து மூன்று பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டிருக்கும். இலைக்கட்டுகள் சேற்றில் விழ, செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். “ஏய், நில்லுங்கடி, நான்தான்” என்று கத்தப் பார்த்தாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

பாக் தர்யோவின் குடிசைச் சுவரில் அரிவாள் மாட்டியிருந்தது. யோசிக்கவில்லை. எடுத்து நாடாவை அறுத்துவிட்டாள். அறுத்த பிறகுதான் இரும்பு என்பது நினைவுக்கு வந்தது.

அஸருக்குள் ஊர் முழுக்கப் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கூடிவிட்டது. வாகியெம் பட்டப்பகலில் எழுந்துவிட்டாள்! ஆறடி உயரமாம், முகம் கருகியிருந்ததாம், அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம். லாஸ்மியை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது.

“கபரைத் தோண்டுங்க உஸ்தாஸ். நானே உள்ள இறங்குறேன். எங்கம்மா காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன்.”

“கூடாது, தங்கச்சி. மார்க்கத்துல இடமில்ல.”

“மார்க்கம் வந்து எங்க தெருவுல படுத்துக்குமா?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். “உங்க சபை அறிக்கைய அவகிட்டப் படிச்சுக் காட்டுங்க, போங்க!”

முஸ்ரிஃபா தூண் ஓரமாக நின்றாள். லாஸ்மியின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் இப்படியே போனால் பைத்தியமாகிவிடும், இல்லை குழியில் விழுந்து சாவாள். பயந்து பயந்து செத்ததெல்லாம் போதும் என்று ஒரு வெறுப்பு வந்தது. நடுவில் வந்து நின்றாள்.

“குதிச்சது நான்தான்.”

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். “பாருங்க, உஸ்தாஸுக்கு முட்டுக்கொடுக்க வந்துட்டாங்க.”

முஸ்ரிஃபா அங்கியைக் கொஞ்சம் தூக்கிக் கால்களைக் காட்டினாள். கட்டைவிரல்களில் சிவந்த வடு சுற்றி ஓடியது. உஸ்தாஸ் வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. பைக்குள் ஒரு நாடா மட்டும் இருந்ததையும், பாக் தர்யோ சொன்னதையும், மழையையும் சொல்லி முடித்தாள்.

உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. இலைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அப்போ கட்டு உள்ளதான் இருக்கு. அப்போ அவ நிசமாவே வருவா.”

பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். உஸ்தாஸ் ஏதோ ஓதத் தொடங்கினார். லாஸ்மி மட்டும் எழுந்து முஸ்ரிஃபாவின் எதிரில் வந்து நின்றாள்.

“மறந்துட்டீங்களா இபு, இல்ல விட்டுட்டீங்களா?”

‘அல்லாஹ்மேல ஆணையா மறந்துட்டேன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பள்ளிவாசலில் நிற்கிறாள். நாக்கு எழும்பவில்லை. இத்தனை நாளும் அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடியது இதிலிருந்துதான். அன்று அந்தப் பாதங்களைக் கழுவினாள். வேலியருகே தரையை மிதித்த அதே அகன்ற பாதங்கள். நாடா கண்ணுக்கு நேராக இருந்தது. ‘இப்ப மிதிடி பார்ப்போம்’ என்று ஒரு எண்ணம் மின்னல்போல வந்து போனது. துணியை இழுத்து மூடிவிட்டாள்.

“பார்த்தேன்,” என்றாள். “கண்ணால பார்த்தேன். கை போகல.”

லாஸ்மி அவளை அடிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். “அப்போ எங்கம்மாவுக்கு என்மேல கோவமில்ல,” என்றாள். தாழ்வாரத் தரையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

கபரைத் தோண்டவில்லை. அன்றைக்கே லாஸ்மி நன்றாகத் தூங்கினாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அம்மா அவள் வாசலுக்கு அப்புறம் வரவில்லை. பின்னே எங்கே போனாள் என்று ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லார் பார்வையும் முஸ்ரிஃபாவின் வீட்டுப் பக்கம் ஒரு தடவை போய்த் திரும்பியது.

அதற்குப் பிறகு மய்யித்துக் குளிப்பாட்ட அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வருகிறது. பை ஆணியிலேயே தொங்குகிறது. வியாழன் பிற்பகலில் அவள் அடுக்களை மூலையில் ஒரு தம்ளர் கறுப்புக் காப்பி வைக்கிறாள், சீனி போடாமல். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் நலம் விசாரிக்க வந்த உஸ்தாஸ் அதைப் பார்த்துவிட்டார். எச்சரிக்க வாயெடுத்தார். கைலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தம்ளரில் கால் படாமல் சுற்றிப் போய் உட்கார்ந்தார்.

ஹாங்காங் திரும்பும் முன் லாஸ்மி வந்து சொல்லிக்கொண்டாள். மூலையில் இருந்த தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முறைப்படி முஸ்ரிஃபாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க மௌத்தானா எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க இபு. எங்க இருந்தாலும் வந்துடுறேன். உங்களை நான்தான் குளிப்பாட்டுவேன்.”

எந்த மனசில் சொல்கிறாள் என்று முஸ்ரிஃபா அவள் முகத்தைத் தேடினாள். அம்மாவின் முகம்தான், அச்சு அசல். வாடகை வண்டி வந்துவிட்டது. லாஸ்மி போய்விட்டாள், முஸ்ரிஃபாவுக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து படுக்கும்போது இரண்டு கால்களும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொள்கிறாள்.